மருந்தில்லாமல் பயிர் நோயை அடக்க முடியுமா? ஜப்பானிய வயல்களில் நடப்பது என்ன

இரவில் விளக்கெரியும் ஸ்ட்ராபெர்ரி குடில்கள், வெந்நீரில் முக்கியெடுக்கும் விதைநெல் மூட்டைகள், தவிட்டைக் கொட்டிப் பாலிதீன் தாளால் மூடிய மண். ஜப்பானிய விவசாயம் பற்றிய காணொளிகளில் இவை அடிக்கடி கண்ணில் படுகின்றன. "ஒரு சொட்டு ரசாயனம் இல்லாமல் நோயை விரட்டுகிறார்கள்" என்ற வரியோடு அவை கைமாறுகின்றன. பார்ப்பவர்களில் பாதிப் பேர் அப்படியே நம்புகிறார்கள், மீதிப் பேர் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குகிறார்கள். இந்த முறைகளில் பெரும்பாலானவை அரசு ஆய்வு நிலையங்களில் அளந்து பார்த்துத் தேறியவை. ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு பலவீனத்தைத்தான் குறிவைக்கிறது. அந்தக் குறி எது என்று தெரியாமல் வெளித்தோற்றத்தை மட்டும் பின்பற்றினால் விதையும் போகும், பயிரும் போகும்.

நோய் வர மூன்று வேண்டும்

பயிரில் நோய் வர மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூட வேண்டும்: எளிதில் பாதிக்கப்படும் செடி, வீரியமுள்ள கிருமி, அதற்குத் தோதான ஈரமும் வெப்பமும். பூஞ்சைக்கொல்லி இதில் கிருமியை மட்டும் தாக்குகிறது. செடியைத் தயார்படுத்துவது, சூழலை மாற்றுவது என்ற மற்ற இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன.

கிருமி செடிக்கு வந்து சேரும் பாதைகளும் மூன்றுதான்: விதை, மண், காற்றும் மழைத்துளியும். ஜப்பானில் மூன்றுமே நெரிசலான பாதைகள். ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் விடாமல் தூறும் மழைக்காலம் இலை நோய்களுக்குக் கொண்டாட்டம். நிலம் குறைவு என்பதால் ஒரே குடிலில் ஒரே காயை வருடா வருடம் போடுகிறார்கள். அதனால் மண்ணில் நோய் தங்கிவிடுகிறது.

"மருந்தில்லா" என்பதற்கு ஜப்பானில் என்ன பொருள்?

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1. ஜே.ஏ.எஸ். என்ற இயற்கை விவசாயச் சான்று பெற்ற பண்ணையில் கந்தகமும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் தெளிக்கலாம். அதாவது "இயற்கை" என்றால் எதுவுமே தெளிக்காதது என்று பொருள் இல்லை.

2. "சிறப்புச் சாகுபடி" என்று இன்னொரு வகை உண்டு. அந்தப் பகுதியின் வழக்கமான அளவில் ரசாயன மருந்தும் ரசாயனத் தழைச்சத்தும் பாதி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

3. "மருந்தே அடிக்காதது" என்று பொட்டலத்தில் அச்சிடுவதை 2004 முதல் அமலான அரசு வழிகாட்டுதல் தடுக்கிறது. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வருவதையும் முந்தைய வருடம் மண்ணில் தங்கியதையும் யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதும், வாங்குபவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்பதும்தான் காரணம்.

4. 2002-இல் பதிவில்லாத பூச்சிமருந்துகள் பல மாவட்டங்களில் விற்கப்பட்டது வெளியே வந்து பெரிய பரபரப்பானது. சட்டம் இறுக்கப்பட்டது. பதிவில்லாத எதையும் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்றானதும், வீட்டுச் சமையலறைப் பொருள்களின் கதி என்ன என்ற கேள்வி வந்தது. பாதுகாப்பானது என்று தெரிந்த சில பொருள்களுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள்: சமையல் வினிகர், சமையல் சோடா, அந்தந்த வட்டாரத்து நன்மை செய்யும் பூச்சிகள். 2014-இல் எத்திலீனும் மின்பகுப்பில் கிடைக்கும் ஹைப்போகுளோரஸ் அமில நீரும் சேர்ந்தன. கரி சுடும்போது கிடைக்கும் மரப்புகைச் சாற்றை விவசாயிகள் பரவலாகப் பயன்படுத்தி வந்தும், அதைப் பட்டியலில் சேர்க்காமல் நிறுத்திவைத்தார்கள்.

இந்த நான்காவது விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இயற்கையாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒன்றைப் பாதுகாப்பானது என்றோ பலன் தரும் என்றோ அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் காட்டியாக வேண்டும்.

மண்: மூச்சை அடைக்கும் முறை

பல பத்தாண்டுகளாகக் குடில் மண்ணைச் சுத்தம் செய்தது மெத்தில் புரோமைடு என்ற வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-இல் அதை நிறுத்த வேண்டியிருந்தது. இஞ்சி, மெலன், வெள்ளரி, குடமிளகாய் போன்ற சில பயிர்களுக்கு மட்டும் ஜப்பான் விலக்கு வாங்கி, 2012 முடிவோடு மண்ணில் அதைப் பயன்படுத்துவதைக் கைவிட்டது. மாற்று வழிகளைத் தேடும் அவசரம் பெருமளவு இதனால் வந்தது.

முதலில் கைக்கு வந்தது வெயில். 1970-களின் பிற்பகுதியில் நாரா மாவட்ட ஆய்வாளர்கள், கோடையில் ஸ்ட்ராபெர்ரி குடிலை முழுக்க அடைத்து, ஈரமான மண்மேல் பாலிதீன் தாள் விரித்து வெப்பத்தை ஏற்றினார்கள். மண்ணின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் வாடல் நோய்ப் பூஞ்சை தாங்காது. நாராவில் இது நடக்கும். வடக்கே குளிர்ப்பிரதேசமான ஹொக்கைடோவில் அவ்வளவு சூடு ஏறாது.

அந்தக் குறையிலிருந்துதான் புதிய முறை பிறந்தது. ஹொக்கைடோவின் தென்பகுதியில் குடில்களில் நீள வெங்காயம் போடுகிறார்கள். அதை வேரழுகல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. 1990-களின் இறுதியில் அங்குள்ள வேளாண் ஆய்வு நிலையத்தினர் மண்ணில் தவிட்டைக் கலந்து நீர் பாய்ச்சி மூடிப் பார்த்தார்கள். மண் 30 டிகிரியை எட்டினாலே போதும் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் நெதர்லாந்திலும் பச்சைத் தழையை மண்ணில் மடக்கி மூடும் இதே தத்துவத்தைத் தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

செய்முறை இப்படி: கால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1 டன் கோதுமைத் தவிடு அல்லது அரிசித் தவிடு, அதாவது சதுர மீட்டருக்கு 1 கிலோ. நன்றாக உழுது கலக்கி, மண் சேறாகும் அளவுக்கு நீர் விட்டு, பாலிதீன் தாளால் ஓரம் தெரியாமல் மூடி, 20 நாள் வாக்கில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. தவிட்டைக் கண்ட நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி மண்ணில் உள்ள ஆக்சிஜனை இரண்டொரு நாளில் தின்று தீர்க்கின்றன. மேலே தாளும் நீரும் இருப்பதால் புதுக் காற்று உள்ளே வராது.

2. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தலையெடுத்து, தவிட்டைப் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் உண்டாக்குகின்றன. இவை நோய்ப் பூஞ்சைகளுக்கு நஞ்சு.

3. மண்ணில் உள்ள இரும்பும் மாங்கனீசும் கரையும் வடிவத்துக்கு மாறுகின்றன. அந்த அயனிகளும் பூஞ்சையைக் கொல்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

4. மூச்சுத் திணறல், அமிலம், இரும்பு, மிதமான சூடு எல்லாம் சேர்ந்து அடிப்பதால், தனியாக வெயிலுக்குத் தப்பிக்கும் கிருமியும் இதில் தப்புவது கடினம்.

வேலை நடக்கிறதா என்று அறிய விவசாயி நம்புவது மூக்கைத்தான். சில நாளில் தாளின் ஓரத்தைத் தூக்கினால் சாக்கடை நாற்றம் அடிக்க வேண்டும், மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். நாற்றமே இல்லை என்றால் தாள் எங்கோ கிழிந்திருக்கிறது அல்லது தண்ணீர் போதவில்லை. முடிந்ததும் தாளை எடுத்து உழுது, காற்றோட்டம் திரும்பி நாற்றம் போகும்வரை காத்திருந்து நட வேண்டும். தவிட்டிலிருந்து தழைச்சத்து நிறைய வருவதால் அடியுரத்தைக் குறைத்தாக வேண்டும். இதை மறந்தால் செடி இலையாகவே மண்டும்.

தவிடு உழவு போகும் ஆழத்துக்குத்தான் போகும், அரையடி சொச்சம். தக்காளி வாடல் பாக்டீரியாவோ அதற்குக் கீழேயும் பதுங்கும். அதனால் கரைந்து கீழே இறங்கும் உணவு ஒன்று தேவைப்பட்டது. சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பாகை நீரில் கரைத்து விட்டார்கள். அப்புறம் தேசிய வேளாண் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம், மிகவும் நீர்த்த எத்தனால் கரைசலைச் சோதித்து முறைப்படுத்தியது. அந்த நீர்த்த அளவில் எத்தனால் நேரடியாகக் கிருமியைக் கொல்வது குறைவு. மண் பாக்டீரியாக்களுக்கு அது தீனி. மிச்ச வேலையை அவை பார்த்துக்கொள்கின்றன.

மண்ணில் தங்கும் வைரஸ்கள் மட்டும் இதற்கு அசைவதில்லை. குடமிளகாயில் வரும் ஒருவகை மொசைக் வைரஸுக்கு, அதே வைரஸின் வீரியம் குறைந்த ரகத்தை நாற்றிலேயே ஏற்றி, பின்னால் வரும் கொடிய ரகத்துக்கு இடமில்லாமல் செய்கிறார்கள். தடுப்பூசியின் தத்துவம் போன்றதுதான், ஆனால் செடிக்கு நம்மைப் போல எதிர்ப்புச் சக்தி அணுக்கள் கிடையாது.

விதை: 60 டிகிரி, 10 நிமிடம்

நெல் நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றவற்றைவிட உயரமாக வளர்ந்து பிறகு சாவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். ஜப்பானில் இதை பாகானே நோய் என்கிறார்கள். பூஞ்சை விதையோடு வருகிறது. 1926-இல் குரோசாவா எய்ச்சி என்ற ஆய்வாளர், இந்தப் பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை நீட்டுகிறது என்று காட்டினார். 1935-இல் அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வந்தது. திராட்சைக்கு இன்று தெளிக்கிற ஜிப்ரலிக் அமிலத்தின் பூர்வீகம் இந்த நோய்தான்.

இதற்கு வழக்கமான வைத்தியம் விதையை ரசாயனக் கரைசலில் ஊறவைப்பது. பயன்படுத்திய கரைசலை எங்கே கொட்டுவது என்பது பெரிய தலைவலி. வாய்க்காலில் விட முடியாது. வெந்நீர் முறை பரவியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

காய்ந்த விதைநெல்லைச் சில கிலோ பிடிக்கும் வலைப்பையில் தளர்வாகக் கட்டி, 60 டிகிரி நீரில் 10 நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்ற வேண்டும். பூஞ்சை உமிக்கும் அரிசிக்கும் நடுவில் இருக்கிறது. சூடு அதுவரை போய்ச் சேர வேண்டும், கருவுக்குள் இறங்கிவிடக் கூடாது. இந்த நூலிழை இடைவெளியில்தான் முழு வித்தையும். பையை இறுக்கிக் கட்டினால் நடுவில் உள்ள நெல் 60 டிகிரியைப் பார்க்கவே பார்க்காது. அதனால் முக்கியவுடன் பையை மேலும் கீழுமாக அசைக்கிறார்கள். நேரம் கூடினால் முளைப்பு விழும், பசை அரிசி ரகங்களில் இன்னும் சீக்கிரமாக.

நம் விவசாயிகளுக்கும் பழக்கமான ஒன்று இதில் குறுக்கிடுகிறது. உப்புநீரில் முட்டை மிதக்கும் பதம் பார்த்து, அதில் நெல்லைக் கொட்டிப் பதர் நீக்குவது ஜப்பானிலும் உண்டு. 1882-இல் ஃபுகுவோகாவில் யோகோய் டோகியோஷி முறைப்படுத்தியது. அப்படி உப்புநீரில் நனைந்த நெல்லை வெந்நீரில் போடுவதானால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அல்லது நன்றாகக் காயவைத்த பிறகுதான் போட வேண்டும். நீர் குடித்த விதை சூட்டைத் தாங்காது. இதே தர்க்கத்தை எதிர்த்திசையில் ஓட்டினார்கள் டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். விதையின் ஈரப்பதத்தை 10 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிட்டால் 65 டிகிரியையும் அது 10 நிமிடம் தாங்குகிறது. அந்த 5 டிகிரி, பாகானே பூஞ்சைக்கு எதிராக நல்ல வித்தியாசம் காட்டுகிறது.

குறையும் உண்டு. ரசாயனம் விதைமேல் படிந்து கொஞ்ச காலம் காவல் நிற்கும், வெந்நீர் நிற்காது. பழைய வைக்கோலும் உமித்தூசியும் கிடக்கும் கொட்டகையில் விதையை ஊறவைத்தால் பூஞ்சை மறுபடி ஏறிவிடும். நோய் அதிகம் தாக்கிய வயலின் விதைக்கு வெந்நீர் மட்டும் போதாது. அதனால் வெந்நீருக்குப் பின் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையில் நனைக்கும் இரட்டை முறை அங்கே வழக்கத்தில் இருக்கிறது.

வேர்: சுரையும் வெங்காயமும் சுண்டையும்

டோச்சிகி மாவட்டத்தில் சுரைக்காயை நாடா நாடாகச் சீவி வெயிலில் உலர்த்துகிறார்கள். சுஷி உருண்டைக்குள் வரும் கான்பியோ அதுதான். ஜப்பானின் கான்பியோ கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு மாவட்டத்தில் விளைகிறது. ஒரே நிலத்தில் சுரையே போட்டால் வாடல் நோய் வர வேண்டும். ஆனால் அங்கே சுரை நாற்றோடு நீள வெங்காயத்தையும் சேர்த்து நடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது, நோயும் குறைவாக இருந்தது. 1980-களில் மாவட்ட ஆய்வு நிலையமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காரணத்தைத் தோண்டினார்கள். வெங்காய இனத்தின் வேரில் ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியா, பூஞ்சையை ஒடுக்கும் பொருளைச் சுரக்கிறது. அப்போது அதைச் சூடோமோனாஸ் இனத்தில் வைத்தார்கள், இப்போது பர்க்ஹோல்டேரியா என்கிறார்கள். வெங்காயத்தை வரப்போரம் நட்டால் பயன் இல்லை. நடும்போதே இரண்டின் வேரும் பின்னிக்கொள்ள வேண்டும், பாக்டீரியா சுரை வேரைத் தொடும் தூரத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு.

ஒட்டுக்கட்டுவது இன்னும் பழையது. தர்பூசணி வாடல் நோய்க்குத் தீர்வாக 1920-களின் இறுதியில் பூசணி வேரில் ஒட்டுக்கட்டத் தொடங்கி, அப்புறம் சுரை வேருக்கு மாறினார்கள். இன்று அங்கே ஒட்டுக்கட்டாத தர்பூசணி அபூர்வம். கத்தரிக்கு வேர்ச்செடியாக வருவது, நாம் வற்றல் போடும் அதே சுண்டைக்காய்ச் செடி. வாடல் நோய்களையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் அது நன்றாகத் தாங்குகிறது. தக்காளியில் ஒட்டை வழக்கத்தைவிட மேலே, இரண்டாம் மூன்றாம் இலைக்கும் மேல் கட்டும் முறையும் இருக்கிறது. வாடல் பாக்டீரியா வேரிலிருந்து நீர்க்குழாய் வழியே மேலேறுகிறது. எதிர்ப்புத் தண்டு நீளமாக இருந்தால் வழியிலேயே அதன் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இலை: ஒளி, சூடு, கூரை

ஸ்ட்ராபெர்ரி குடிலில் இரவு எரியும் விளக்கு, புற ஊதா பி கதிர் வீசுவது. ஹியோகோ மாவட்டமும் பானசோனிக் நிறுவனமும் சேர்ந்து இதை வளர்த்தெடுத்தன. மெல்லிய கதிர் இலையில் பட்டதும் செடி தன் தற்காப்புப் புரதங்களைச் சுரக்க ஆரம்பிக்கிறது, சாம்பல் நோய் பிடிக்கத் தயங்குகிறது. அதே கதிர் செஞ்சிலந்தியின் முட்டைகளையும் சிதைக்கிறது. பகலில் போடாததற்குக் காரணம் இருக்கிறது: கதிரால் உடைந்த மரபணுவைப் பூஞ்சையும் சிலந்தியும் சூரிய வெளிச்சத்தில் உள்ள நீல ஒளியைக் கொண்டு சரிசெய்துகொள்ளும். இருட்டில் அந்த வழி அடைபடுகிறது. சிலந்தி இலையின் அடியில் இருப்பதால் தரையில் ஒளியைத் திருப்பும் விரிப்பும் வேண்டும். மனிதக் கண்ணுக்கும் தோலுக்கும் இந்தக் கதிர் கெடுதல், எரியும்போது உள்ளே போகக் கூடாது.

குளிர்காலக் குடில்களில் இன்னொரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. சூடான காற்றைக் கொண்டுபோகும் பாலிதீன் குழாயின் வாயில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் பொடியைக் கொஞ்சம் போட்டுவிடுகிறார்கள், கால் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். இரவில் கொதிகலன் ஓடும்போது காற்றே அதை எல்லா இலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தண்ணீர் தெளிப்பு இல்லை, குடிலில் ஈரம் ஏறுவதில்லை, சாம்பல்நிற அழுகலுக்கு வாய்ப்புக் குறைகிறது. நோய் வருவதற்கு முன்பே பாக்டீரியா இலையில் குடியேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

தக்காளிக்கு மேலே வெறும் பாலிதீன் கூரை, திராட்சைக் குலைக்கு மேலே காகிதக் குடை, இவையும் நோய்த் தடுப்புதான். மழைத்துளி தெறிக்காவிட்டால் பல கிருமிகளுக்குப் பயணமே இல்லை.

ஒரே அரிசி, பல எதிர்ப்பு

ஜப்பானியர் மிகவும் விரும்பும் கோஷிஹிகாரி நெல் குலை நோய்க்குச் சுலபமாக விழும். நீகாட்டா மாவட்டம் 2005-இல் மாவட்டம் முழுக்க ஒரு மாற்றத்தைச் செய்தது. கோஷிஹிகாரியோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்து, வெவ்வேறு குலைநோய் எதிர்ப்பு மரபணு கொண்ட சில வரிசைகளை உருவாக்கி, அவற்றின் விதையைக் கலந்து விதைப்பது. ஒரு செடியைத் தாக்கும் பூஞ்சை ரகம் பக்கத்துச் செடியில் தோற்கும், பரவல் தடைபடும். பூஞ்சை பழகிவிடாமல் இருக்கக் கலவையின் விகிதத்தைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். இது விவசாயி தனியாகச் செய்ய முடியாத வேலை. மாவட்ட அரசு பூஞ்சையின் ரகங்களைக் கண்காணித்து விதையைக் கலந்து தருவதால்தான் நடக்கிறது.

இவற்றால் என்ன ஆகும், என்ன ஆகாது

1. இவை முதன்மையாக முன்தடுப்பு. நோய் வயலில் பரவிய பிறகு இவற்றில் எதுவும் கைகொடுக்காது.

2. ஒரு முறை ஒரு வகை நோய்க்கு. வெந்நீர் விதையோடு வருவதை நிறுத்தும், காற்றில் வரும் குலை நோயை நிறுத்தாது.

3. மருந்துச் செலவு குறைந்தாலும் வேறு செலவு வருகிறது: ஒரு டன் தவிடு, பாலிதீன், எரிபொருள், விளக்கு, நிலம் சும்மா கிடக்கும் மூன்று வாரம்.

ஆப்பிள்தான் இதற்குக் கடினமான சோதனை. அவோமோரியின் ஹிரோசாகியில் கிமுரா அகினோரி என்ற விவசாயி பூச்சிமருந்தைக் கைவிட்டு ஆப்பிள் விளைவித்துப் புகழ்பெற்றார், தெளிப்புக்கு வினிகர் பயன்படுத்தினார். ஆனால் தோட்டம் மீள ஏறக்குறைய பத்து வருடம் விளைச்சலில்லாமல் போனது. அவருடைய உறுதி பெரிது. கடன் வாங்கிச் சாகுபடி செய்யும் குடும்பத்துக்கு அதை வழியென்று காட்ட எனக்கு மனம் வரவில்லை.

2021 மே மாதம் ஜப்பான் அரசு அறிவித்த "மிதோரி" உணவு முறைத் திட்டம், 2050-க்குள் ரசாயன மருந்தின் பயன்பாட்டை ஆபத்து அளவில் 50 சதவீதம் குறைக்கவும், இயற்கை விவசாய நிலத்தை 25 சதவீதமாக, அதாவது 10 லட்சம் ஹெக்டேராக உயர்த்தவும் இலக்கு வைத்திருக்கிறது. அறிவித்தபோது அந்தப் பங்கு 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 68-ஐ ஒட்டி இருக்கிறது. தவிட்டு மூட்டைகளைத் தூக்கிக் கொட்டி, உழுது, தாள் விரிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

வெந்நீர் முறை இவ்வளவு பரவியதற்கும், தவிட்டு முறை பெரும்பாலும் விலை மதிப்புள்ள குடில் பயிர்களோடு நின்றதற்கும் விளக்கம் இங்கே கிடைக்கிறது. பல ஊர்களில் வேளாண் கூட்டுறவுச் சங்கம் பெரிய இயந்திரத்தில் விதைநெல்லை வெந்நீரில் போட்டு, உலர்த்தி, மூட்டையாகவே உறுப்பினருக்குக் கொடுத்துவிடுகிறது. வெப்பநிலையையும் நேரத்தையும் சங்கத்தின் ஆள் பார்த்துக்கொள்கிறார். வயதான விவசாயி மூட்டையைப் பிரித்து ஊறவைத்தால் போதும். மண் முறையில் அப்படிப் பொறுப்பேற்றுக்கொள்ள இன்னும் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் குடிலில், தன் கையால், ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் செய்தாக வேண்டியிருக்கிறது.